எண்பத்தேழில் ஒன்று

மலைக்கு முதலில் பழைய செய்தித்தாள் வேண்டும்.
கசக்கி நனைத்துக் கம்பிவலைமேல் போர்த்தி,
அதன்மேல் பல் அச்செடுக்கும் பிளாஸ்டர்.
இருபத்தாறு வருஷம் ஸ்காட்பர்க்கில்
பிறர் வாயின் மேடுபள்ளங்களை வார்த்தவள் நான்.
தெற்குச் சரிவில் யாருடைய கடைவாய்ப்பல்லோ
தெரிகிறதென்று தம்பிரான் சிரிக்கிறார்.
சிரிக்கட்டும்.
நேட்டால் குன்றுகள் அப்படித்தான், மழை மென்றவை.

அவருக்கு ரயில், எனக்கு மற்றதெல்லாம்:
உம்சிண்டோ கராஜில் இதுதான் உடன்படிக்கை.
இரண்டடிப் பாதை, எண்பத்தேழில் ஒன்றாக்கினால்
ஏழு மில்லிமீட்டர்.
கடையில் கிடைப்பது ஒன்பது.
பரவாயில்லை என்று இருவரும் முன்பே
ஒத்துக்கொண்டோம்.

அவர் ஒயர் பற்றவைக்கையில்
நான் டீத்தூள் காயவைப்பேன்,
மூன்று வீட்டு எச்சில் டீத்தூள்.
சலித்தால் கரும்புக்காட்டு வரப்பின் நிறம்.
செம்மண்ணுக்குத்தான் ஈடு கிடைக்கவில்லை;
வேலியோரம் அள்ளி வந்து
பூச்சிமுட்டை சாக வாணலியில் வறுத்தேன்.

கரும்பு பாடாய்ப் படுத்தியது.
விளக்குமாற்றுக் குச்சி தடிமன்,
நைலான் மினுமினுப்பு.
கடைசியில் தேங்காய் நாரைப் பச்சையில் முக்கி
நுனி வெளுத்து
இடுக்கியால் ஒவ்வொன்றாய் நட்டேன்.
நாலாயிரத்து இருநூறு.
கூலி கேட்க ஆளில்லை.
எனக்கு நானே சர்தாராகி
இன்னும் இரண்டு வரிசை, இன்னும் இரண்டு
என்று அதட்டிக்கொண்டு.

ஆட்கள் ஜெர்மனியிலிருந்து டப்பாவில் வந்தார்கள்.
எல்லோருக்கும் தொப்பி, கோட்டு, கையில் பெட்டி.
தொப்பிகளைச் சீவினேன்,
டிஷ்யூத்தாளைப் பசையில் தோய்த்துச்
சேலை சுற்றினேன்.
ஒருத்தி பனிச்சறுக்கு ஆட வந்தவள்.
கைத்தடியைப் பிடுங்கி
வெட்டுக்கத்தி கொடுத்தேன்.
முதுகின் வளைவு அப்படியே பொருந்திற்று.

பிறகு வந்தது வருஷம்.
எஞ்சினின் சிவப்பு அறுபத்தொன்றின் சிவப்பு,
ஆகவே ஸ்டேஷனும் அறுபத்தொன்று என்றார்.
அப்படியானால் பெஞ்சு, என்றேன்.
எந்தப் பெஞ்சு?
நிழலில் இருக்குமே, அது.

பலகை கடுகளவு வரும், கோகிலம்.
எறும்புகூடப் படிக்காது.
தண்டவாளத்திலேயே
இரண்டு மில்லிமீட்டர் பொய் ஓடுகிறது,
இதில் மட்டும் என்ன?

இரண்டு வாரம் பெஞ்சே இல்லை.
ஆட்கள் நின்றார்கள்.
வண்டி வந்தது, போயிற்று.

பொய்ப்பல்லுக்கு ரேகை போட
ஒற்றை மயிர்த் தூரிகை ஒன்று வைத்திருக்கிறேன்.
புதுப்பல்லை வெள்ளையாக விட்டால்
வாய் அதை நம்பாது.
லேசான விரிசல், ஈறோரம் காபிக் கறை,
இவ்வளவும் வரைந்தால்தான்
தன்னுடையதென்று கடிக்கும்.
அந்தத் தூரிகையில் வெள்ளை தொட்டு
மூச்சை நிறுத்தி
இரண்டு மொழியிலும் எழுதினேன்,
யாருக்கு மட்டும் என்று.

தம்பிரான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்து
மறுபடி பார்த்தார்.
டீ குடிக்காமல் போனார்.

அடுத்த சனிக்கிழமை கராஜைத் திறந்தால்
நிழல் பெஞ்சில் பனிச்சறுக்குக்காரி.
முழங்காலை இன்னும் கொஞ்சம் அறுத்து
உட்கார வைத்திருக்கிறார்.
மோசமான வேலை, பசை வழிந்திருந்தது.
வெட்டுக்கத்தி மடியில் குறுக்காக.

அறுபத்தொன்றில் இது நடக்காது, என்றேன்.

வண்டி வரும்வரைதான், என்றார்,
திருகுமேல் விரலை வைத்தபடி,
திருகாமல்.